நாற்றங்காலில் தொங்கிய அட்டைகள்

குஞ்சிதபாதம் கெட்ட மனுஷன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தாலுக்கா ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக மருந்தாளுநர். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ஆள் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். காலை ஏழரை மணிக்கு வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் தாமதம் கிடையாது. ஒரு பைசா கை நீட்டியது கிடையாது. ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களிடம் முகம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசுகிற வழக்கமும் கிடையாது.

அவர் அறைச் சுவரோடு சேர்த்துப் பதித்த ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதற்குள் இன்னோர் இரும்புப் பெட்டி. அலமாரிக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று டாக்டரிடம். மார்பின், பெத்தடின் என்று, வலிக்கும் மருந்தாகிப் போதைக்கும் வழியாகிற சரக்கெல்லாம் அதற்குள்தான். வார்டில் நர்ஸ் ஓர் ஊசி போட்டால், உடைத்த காலிக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தால்தான் அடுத்த குப்பி வெளியே வரும். அது ஆஸ்பத்திரி நடைமுறை, எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் இருக்கிறது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்புதான் வேறு சமாச்சாரம். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதி, பிளாஸ்டிக் கவர் போட்டு, நாலு மூலையிலும் டேப் ஒட்டியது. ‘மார்பின் மாத்திரை வாங்குவோர் பழைய காலி அட்டைகளை ஒப்படைத்தால் மட்டுமே புதிய மாத்திரை வழங்கப்படும். உத்தரவுப்படி.’ புற்றுநோய் முற்றிப்போய், இனி வலியைக் குறைப்பது ஒன்றுதான் வைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் அந்த ஜன்னலில் மாத்திரை கொடுப்பார்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு, காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிப் பத்திரமாக எடுத்து வருவார்கள். உத்தரவு என்றால் உத்தரவுதானே. யார் உத்தரவு என்று பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

உத்தரவு போட்டது குஞ்சிதபாதம்தான். ஊசிக் குப்பிக்கு இருந்த நடைமுறையை வீட்டுக்குப் போகிற மாத்திரைக்கும் அவராகவே நீட்டிவிட்டார். அப்போதிருந்த டாக்டர் கண்டுகொள்ளவில்லை. பிறகு வந்த டாக்டர் அனுராதா, இது மேலிடத்து உத்தரவு என்றே நினைத்துக்கொண்டார்.

குஞ்சிதபாதம் அப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் தணிக்கைக்கு வந்தவர்கள் எண்ணிப் பார்த்தபோது மூன்று பெத்தடின் குப்பி குறைந்தது. ஆபரேஷன் தியேட்டரில் தட்டு கவிழ்ந்து உடைந்த குப்பிகள் அவை. உடைந்ததை எழுத மறந்தது யாரோ, மாட்டிக்கொண்டது இவர். ஐந்து மாதம் சஸ்பென்ஷன். கடைசியில் குற்றமில்லை என்று திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அந்த ஐந்து மாதமும் மனுஷர் வெளியே தலைகாட்ட முடியவில்லை. குத்தாலத்தில் மச்சினர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், அந்தப் போதை மருந்து கேஸில் மாட்டினது நீங்கள்தானே என்று சாவகாசமாக விசாரித்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தார் குஞ்சிதபாதம். திருடன் என்று பெயர் வாங்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னால் அவர் செய்த காரியத்தை அதனால்தான் மன்னிக்க முடியவில்லை, அவராலேயே.

தங்கம்மாள் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரும் கணவர் இராஜாங்கமும் ஒரு காலத்தில் பிறத்தியார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மகன் புகழேந்தி சிங்கப்பூரில் சம்பாதித்து அனுப்பியதில் மூன்று மா நிலம், கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், சொந்தமாக வாங்கி, அதை ஒட்டியே ஒரு வீடும் போட்டார்கள். சொந்த வயலில் நாலு வெள்ளாமைதான் பார்த்தார் இராஜாங்கம். அதற்குள் நாக்கில் புண் வந்துவிட்டது. புகையிலைப் பழக்கம். ஆபரேஷன் ஆகி, கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து, நாக்கில் பாதி போய், பேச்சும் போய், கடைசியில் வலியோடு மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

டாக்டர் அனுராதா எழுதிக் கொடுத்தது, பகலில் நாலு மணிக்கொரு மாத்திரை, படுக்கும்போது இரண்டு. தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒன்பது அட்டை. அதற்கு மேல், வலி மீறிப் போனால் கொடுப்பதற்கு என்று பத்து மாத்திரை உள்ள இன்னோர் அட்டை தனியாக. இந்தக் கடைசி அட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதமாக அந்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். மஞ்சள் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி ஜன்னல் மேடையில் வைப்பார். ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. குஞ்சிதபாதமும் ஒரு தடவைகூட, வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதில்லை.

அது ஆனி மாதம். மேட்டூர்த் தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்றுவிட்டிருந்த சமயம். பக்ரீத்துக்கு முதல் நாள், புதன்கிழமை. மறுநாள் லீவு என்பதால் ஜன்னலில் நல்ல கூட்டம். உள்ளே உதவிக்கு இருந்தவர் வரவில்லை. குஞ்சிதபாதம் காலையிலிருந்தே கடுகடுவென்று இருந்தார்.

தங்கம்மாள் முறை வந்தபோது மேடையில் ஐந்து அட்டைதான் வைத்தார். எட்டுக் காலி அட்டை வந்திருக்க வேண்டும். ஒன்பதாவதில் ஆறு மாத்திரை மிச்சம் இருக்கிறது, இன்றைய பொழுதுக்கு மட்டும்தான் காணும் என்று அவரே சொன்னார். மீதி மூன்று எங்கே என்று குஞ்சிதபாதம் கேட்டார்.

தங்கம்மாள் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நாற்றங்காலில் முளைகட்டின விதை தெளித்திருக்கிறது. புறாவும் குருவியும் கூட்டமாக இறங்கிப் பொறுக்குகின்றன. இராஜாங்கம் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வாய் இருந்தால் ஓர் அதட்டலில் விரட்டிவிடுவார், அது முடியாமல் கையை ஆட்டி ஆட்டித் தவிக்கிறார். காலி அட்டையைக் கயிற்றில் கோத்து நாற்றங்கால் மேலே கட்டச் சொல்லி அவர்தான் சைகை காட்டினார். வெயில் பட்டு மின்னினால் குருவி இறங்காது. கட்டினது மூன்றே மூன்று. அதைப் பார்த்த பிறகுதான் மனுஷர் கொஞ்சம் அமைதியாகப் படுத்தார். நாலு நாள் போனால் நாற்று தலைதூக்கிவிடும், அடுத்த தடவை அந்த மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று அந்த அம்மா கெஞ்சினார். சந்தேகமாக இருந்தால் வீட்டுக்கு வருகிற நர்ஸ் இசைவாணியை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

இதைக் கேட்ட மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி, அடுத்த தடவை கொண்டுவாருங்கள் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. குஞ்சிதபாதம் ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி,

“ஏம்மா, குருவிக்கும் கேன்சரா?” என்றார்.

வரிசை சிரித்தது. முதலில் இரண்டு பேர், அப்புறம் பத்துப் பேர். தங்கம்மாள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபத்தேழு வருஷத்தில் குஞ்சிதபாதம் சொன்னதற்கு யாரும் சிரித்தது கிடையாது. வெட்கக்கேடு, அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. அதனால் அடுத்ததையும் சொன்னார்.

“மூணு அட்டைய யாருகிட்ட வித்த? அட்டை வந்தாத்தான் மாத்திரை. போ, போய்க் கொண்டா.”

நீ, போ, கொண்டா. அப்படித்தான் பேசினார். தன்னைவிட இரண்டு வயதுதான் குறைந்த ஒரு பெண்மணியிடம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலையில், அரை மணி நேரம் முன்னால், ரைஸ்மில்காரர் மகன் ராம்கி தன் பெரியப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தான். கையில் ஓர் அட்டைகூட இல்லை. மறந்துவிட்டேன் அங்கிள் என்றான். பரவாயில்லை தம்பி, அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க என்று குஞ்சிதபாதம் எண்ணிக் கொடுத்தார். அப்போது உத்தரவு எங்கே போயிருந்தது என்று அவரைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

தங்கம்மாள் அழவில்லை. “நான் அப்படிப்பட்டவ இல்ல சார்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஐந்து அட்டைகளையும் மஞ்சள் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். பின்னால் நின்ற ஹபீபுன்னிசா என்கிற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடியிருப்பவர், அண்ணனுக்கு மாத்திரை வாங்க வருகிறவர். ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை பக்ரீத். பக்கத்து வீட்டு ஃபாஜில் பெரிய டிபன் கேரியரில் பிரியாணி கொடுத்தனுப்பினார். குஞ்சிதபாதம் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனைப் போட்டு, சாயங்காலம்வரை சுகமாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தைத்தான் பிற்பாடு அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா அட்டைகளோடு வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. திங்கட்கிழமை இசைவாணி மருந்து எடுக்க வந்தவள் விஷயத்தைச் சொன்னாள். இராஜாங்கம் வெள்ளிக்கிழமை விடியற்காலம் இறந்துவிட்டார். வியாழக்கிழமை முழுக்க வலி பொறுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டே இருந்தாராம். வாய் பேச முடியாத ஆள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டதாம். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்றும் சொன்னாள். தங்கம்மாள் மாத்திரையை விற்றுவிட்டாளாம், ஆஸ்பத்திரியில் கையும் களவுமாகப் பிடித்துத் துரத்தினார்களாம், விற்றுத் தின்றுவிட்டுப் புருஷனைத் துடிக்கவிட்டுச் சாகடித்தாளாம்.

“மாத்திரை ஏன் சார் வாங்காமப் போனாங்க?” என்று கேட்டாள் இசைவாணி.

அட்டை கொண்டுவரவில்லை என்றார்.

“அந்த ரூலு மேலேருந்து வந்ததா சார்?”

“மேலேருந்துதான்.”

கொஞ்சமும் வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய். அவள் போன பிறகு மருந்துக் கணக்குப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயோடு எழுந்துவிடுவார். உடம்புக்கு என்ன என்று மனைவி பிரகதீஸ்வரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். தெருவில் யாராவது சிரித்தால் அன்றைய வரிசை ஞாபகம் வந்து காது சூடாகும். இறந்துபோன எத்தனையோ பேருடைய பெயர்களை அந்தப் பதிவேட்டில் முடித்து வைத்தவர்தான். இந்தப் பெயரை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு நாள் அறிவிப்பைக் கிழித்துவிடலாம் என்று டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். பாதியில் நிறுத்திவிட்டார். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே? கோழைத்தனம், வேறென்ன. நெம்பின மூலையைத் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு வந்தார். இதற்கு நடுவில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று கைகொடுத்துவிட்டுப் போனார். குஞ்சிதபாதம் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

நோயாளி இறந்துவிட்டால், வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் திரும்ப வாங்கி வந்து கணக்கை முடிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் ஆனபிறகு இசைவாணிதான் வழக்கமாகப் போய் வாங்கி வருவாள். இந்த முறை நானும் வருகிறேன் என்றார் குஞ்சிதபாதம். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்றைப் பறித்து நட்டு முடித்திருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நாற்றங்கால் இருந்த இடத்தில் இரண்டு மூங்கில் குச்சியும் அவற்றுக்கு நடுவே ஒரு வெறுங்கயிறும் அப்படியே நின்றன. குஞ்சிதபாதம் அதைப் பார்த்துக்கொண்டே வாசலில் ஏறினார். மூன்று அட்டையைத் தொங்கவிடத்தக்க நீளம்தான் இருந்தது அந்தக் கயிறு.

அவரைக் கண்டதும் தங்கம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. வாங்க சார் என்று நாற்காலி எடுத்துப் போட்டார், கரும்பச்சைப் பாட்டில் சோடாவை உடைத்து இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். துக்க வீட்டில் தான் பேச வேண்டியது எதையும் குஞ்சிதபாதத்தால் பேச முடியவில்லை. விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட அந்த அம்மா, யாரும் கேட்பதற்கு முன்னால் உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்து வந்தார்.

ஒன்பது காலி அட்டைகள். ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார். மூன்றில் மட்டும் கயிறு கோத்த ஓட்டை இருந்தது. அந்தப் புதன்கிழமை சாயங்காலமே நாற்றங்காலுக்குள் இறங்கி அவிழ்த்து வந்துவிட்டாராம். அவிழ்ப்பதைப் பார்த்து இராஜாங்கம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாராம். மறுநாள் லீவு என்று தெரியும், வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை ரெடியாக வைத்திருந்தாராம். முதல் பஸ் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் போன் போட்டிருக்கலாமே என்று இசைவாணி ஆற்றாமையோடு கேட்டதற்கு, நீயும் திருடி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டதாகத் தங்கம்மாள் சொன்னார்.

பிறகு பையின் அடியிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்து மேலே வைத்தார். பிரிக்காத அட்டை. பத்து மாத்திரையும் அப்படியே இருந்தது.

“எண்ணிப் பாத்துக்குங்க சார். ஒண்ணும் கொறையாது.”

குஞ்சிதபாதத்துக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வலி மீறினால் கொடுப்பதற்கென்றே டாக்டர் தனியாகக் கொடுத்த அட்டை. இதை ஏனம்மா கொடுக்கவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டார்.

தங்கம்மாள் அவரைப் பார்க்காமல் அந்த அட்டையைப் பார்த்துப் பேசினார்.

“நீங்க வித்துட்டேன்னு சொன்னீங்கல்ல சார். முழு அட்டை ஒண்ணு கையில இருந்தா, வெள்ளிக்கெழம கொண்டாந்து காட்டலாம், விக்கிறவளா இருந்தா இத விட்டு வச்சிருப்பேனான்னு கேக்கலாம், அப்பவாவது நம்புவீங்கன்னு நெனச்சேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு இது இருந்த டப்பாவையே காட்டிக்கிட்டு இருந்தாரு. நாளைக்கு வாங்கியாந்துர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொன்னேன். நான்தான் சார் குடுக்காம வச்சிருந்துட்டேன். பாவி நான்தான்.”

அங்கேயே எழுந்து வந்துவிட்டிருக்கலாம். கணக்கு சரியாக இருக்கிறது, ஒன்பது அட்டையும் பத்து மாத்திரையும் கைக்கு வந்துவிட்டன, பழியை அந்த அம்மாவே தன் தலையில் போட்டுக்கொண்டாயிற்று. வாயைத் திறந்தால், தன் புருஷன் பட்ட பாடு அத்தனையும் வீண் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துபோகும். திறக்காவிட்டால் சாகிறவரை தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பார். இரண்டு பக்கமும் அவருக்குத் தப்பிக்க இடமில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்படி ஒரு ரூலே கெடையாதும்மா. அட்டை வேணும்னு யாரும் உத்தரவு போடல. என் பயத்துக்கு நானா எழுதி ஒட்டுனது. நீங்க கேட்ட அன்னைக்கே நான் குடுத்திருக்கணும்.”

இசைவாணி திரும்பி அவரைப் பார்த்தாள். தங்கம்மாள் அந்த முழு அட்டையைக் கையில் எடுத்தார். வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப இந்தப் பத்தையும் குடுத்திருக்கலாமா சார்?”

“குடுத்திருக்கலாம்மா.”

குஞ்சிதபாதம் கையெடுத்துக் கும்பிட்டார். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றார். தங்கம்மாள் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து இருந்த பயம் இப்போது அவர் முகத்தில் இல்லை.

“எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான் விக்கலன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு ஜன்னலு முன்னால நாப்பது பேரு நின்னாங்க. அவங்க முன்னால சொல்லுங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. வண்டியில் வரும்போது இசைவாணி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள், மேலேயிருந்து வந்தது என்று சொன்னீர்களே சார் என்று.

மறுநாள் டாக்டர் அனுராதாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டர் அதிர்ந்துதான் போனார், கோபித்தும் கொண்டார். கடைசியில், சத்தமில்லாமல் அறிவிப்பை எடுத்துவிடுங்கள், நான் வேறு உத்தரவு எழுதி வைக்கிறேன், பொதுவில் போய் எதையாவது பேசினால் புகார் வரும், விசாரணை வரும், உங்களுக்கு மூன்று வருஷ சர்வீஸ்தான் பாக்கி என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். விசாரணை என்ற வார்த்தையைக் கேட்டதுமே குஞ்சிதபாதத்துக்குப் பழைய ஐந்து மாதமும் அந்தப் பந்தியும் கண்முன் வந்தன. சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாத்திரைப் புதன்கிழமை வரும்வரை தினமும் மனதுக்குள் சொல்லலாம், வேண்டாம் என்று மாறி மாறித் தவித்தார். அறிவிப்பை மட்டும் எடுக்கவில்லை. ஆட்கள் இல்லாதபோது எடுத்தால் அது இன்னொரு பொய் என்று அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை வந்தது. அன்று சிரித்த கூட்டத்தில் பாதிப் பேர் இன்றும் வரிசையில் நின்றார்கள். தங்கம்மாள் தெருப் பெண்ணும் நின்றாள். குஞ்சிதபாதம் நாற்காலியை விட்டு எழுந்து, அறைக் கதவைத் திறந்துகொண்டு, ஜன்னலின் வெளிப்பக்கம் வந்து நின்றார். ஆட்கள் நிற்கும்போது அந்தப் பக்கம் நின்று அந்த ஜன்னலை அவர் பார்த்ததே இல்லை. அறிவிப்பைப் பிடித்து இழுத்தார். பதினோரு வருஷத்து டேப், லேசில் வரவில்லை. இரண்டு மூலை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

பேச்சு கோர்வையாக வரவில்லை. இந்த உத்தரவு யாரும் போட்டதில்லை, நானே போட்டது என்றார். போன மாதம் இதே இடத்தில் தங்கம்மாள் என்கிற அம்மாவைத் திருடி என்று சொன்னேன், அவங்க ஒரு மாத்திரைகூட விற்கவில்லை, அத்தனை அட்டையும் என் கைக்கு வந்துவிட்டது, ஊரில் யாராவது அப்படிப் பேசினால் அது என் வாயிலிருந்து கிளம்பின பொய் என்றார். குருவியைச் சொல்லிச் சிரிக்க வைத்ததும் நான்தான் என்றார். அந்தத் தெருப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் யாரோ, பதினோரு மணி பஸ் போய்விடும் சார், சீக்கிரம் மாத்திரையைக் கொடுங்கள் என்றார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். பதிவேட்டில் இராஜாங்கத்தின் பக்கம் இன்னும் முடிக்காமல் கிடந்தது. திரும்பப் பெற்றது பத்து மாத்திரை. காரணம் என்ற கட்டத்தில், நோயாளி மரணம் என்று இரண்டு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். அவர் எழுதினார்: ‘மருந்தாளுநர் தன்னிச்சையாக விதித்த நிபந்தனையால் நோயாளிக்குக் கொடுக்கப்படாதவை.’ முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டார். அந்தப் பதிவேட்டில் எழுதினதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அடுத்த தணிக்கையில் படிப்பார்கள். படிக்கட்டும்.

மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஹபீபுன்னிசா ஜன்னலுக்கு வந்தார். கையில் அண்ணனுடைய சீட்டு இருந்தது. அதை அவர் நீட்டவில்லை.

“போன வருஷம் எங்கம்மாவுக்கு வாங்க வந்தப்ப, ரெண்டு அட்டை கொறையுதுன்னு திருப்பி அனுப்புனீங்களே சார். அதுவும் நீங்களா போட்டதுதானா?”

குஞ்சிதபாதத்துக்கு ஞாபகமே இல்லை. முகமும் இல்லை, நாளும் இல்லை. ஒரு மாத்திரை தப்பாமல் எண்ணி வைத்த ஆள், திருப்பி அனுப்பின ஆட்களை எண்ணினது கிடையாது.

“ஆமாம்மா” என்றார். “அவங்க பேரு சொல்லுங்க” என்று பேனாவை எடுத்தார்.

ஹபீபுன்னிசா வாயைத் திறப்பதற்குள், அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் எங்க வீட்டிலும் என்று ஆரம்பித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் முன்னால் வந்தார்.